மூடி

காலை ஐந்து பத்துக்கு மோட்டார் போடுவேன்.
முதல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துத் துப்புவேன்.
பஞ்சாயத்து கொடுத்த பெட்டியில்
குப்பியும் நிற அட்டையும் இருக்கின்றன.
அவை வருமுன்பே நாக்கு இருந்தது.

கேப்பர் மலைச் சரிவில் எங்கள் தெரு.
மேலே முந்திரி, கீழே செம்மண்.
ஒரு குடத்தைக் கவிழ்த்தால்
கண்ணெதிரே உள்ளே போய்விடும்.
வேண்டாமென்று சொல்லத் தெரியாத மண்.

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள்
பிடித்து வைத்த குப்பி
மறுநாள் சாயங்காலம் கறுத்திருந்தது,
அடுப்புக்கரி கரைத்த மாதிரி.
"குளோரின் கூட்டிப் போடு,
யார்கிட்டயும் சொல்லாதே" என்றார் செயலர் தணிகாசலம்.
கூட்டிப் போட்டேன்.
சொல்லவும் சொன்னேன்.

பிறகு நோட்டோடு
மேட்டுப் பக்கம் நடந்தேன்.
யார் வீட்டு மலக்குழி எத்தனை தப்படி,
எருக்குழி எந்தப் பக்கம் சாய்கிறது,
செத்துப்போன போர் எங்கெங்கே.
பதினொன்று இருந்தன.
பிள்ளை விழுந்துவிடும் என்று
சிலதில் கல் வைத்திருந்தார்கள்.
கல்லைச் சுற்றி மழைத்தண்ணீர் வழிந்து
உள்ளே போன தடம்.
புரட்டிக் குனிந்தால்
கன்னத்தில் குளிர்ந்த காற்று.
இருநூறு அடி நீளத் தொண்டை.
அதன் அடியில்
ஊரே குடிக்கும் தண்ணீர்.

பத்தை எழுதியாயிற்று.
பதினொன்றாவது எங்கள் கொல்லையில்.

கழிவறை கட்டினபோது
தொட்டிக்கு மட்டும் இருபத்தாறாயிரம் கேட்டார்கள்.
"கடன் வாங்கித் தோண்டின குழி
சும்மாதானே கிடக்கு"
என்று குழாயை அதில் இறக்கிவிட்டார்
என் வீட்டுக்காரர் கலியபெருமாள்.
என்ன மூளை என்று மெச்சிக்கொண்டே
கொத்தனாருக்கு நான்தான் டீ போட்டேன்.

நான்கு வருடம்.
அதே தண்ணீரைத்தான்
தினம் விடியலில்
பார்த்துப் பார்த்துத் துப்பியிருக்கிறேன்.
நாக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டில் எங்கள் கதவிலக்கத்தை எழுதினேன்.
அன்று ராத்திரி
அவர் என்னோடு பேசவில்லை.
மறுநாளும் பேசவில்லை.
மூன்றாம் நாள் ரம்பத்தை எடுத்துக் குழாயை அறுத்தார்.

இப்போது களிமண் குழைக்கிறார்.
மூட்டை சிமெண்ட் வாசலில் நிற்கிறது.
புதுத் தொட்டி முடிகிறவரை
நாங்கள் நாத்தனார் வீட்டுக் கழிவறைக்கு நடக்கிறோம்,
குடையும் டார்ச்சுமாக.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து
விருத்தாம்பாள் எட்டிப் பார்த்தாள்.
"என்ன, புதுசா போர் போடுறீங்களா?"
"இல்ல, மூடுறோம்."
"அதுலதான் தண்ணியே இல்லையே,
எதுக்கு மூடணும்?"

பெரிய பதில்.
மோட்டாருக்கு நேரமாகிவிட்டது.
நோட்டை எடுத்துக்கொண்டு,
"வா, நடந்துக்கிட்டே சொல்றேன்" என்றேன்.
அவள் கொல்லையில் இருப்பது
ஏழாவது.