கொசுறு

புன்டா அரேனாஸில் காற்று
எல்லோரையும் சாய்ந்தே நடக்கவைக்கும்.
துறைமுகத்தின் மூன்றாம் மேடையில்
இணையக் கேபிள்களுக்கு நான் பொறுப்பு.

"ஒரு டெராபைட்," என்றாள் கிரிசெல்தா மன்சில்யா
கப்பல் ஏணியின் பாதியில் நின்று.
"ஐந்து மணிக்குள் வால்பராய்சோ போய்ச் சேருமா?"
நாற்பது நாள் நீரிணையின் அடியில் தொங்கிய ஒலிவாங்கி
கேட்டதெல்லாம் அதற்குள் இருந்தது.
பெரும்பாலும் தண்ணீர்.
நடுநடுவே திமிங்கிலம்.

எங்கள் இணைப்பு நொடிக்கு ஒரு கிகாபிட்.
பைட்டை எட்டாகப் பிய்த்தால் பிட்.
எட்டு லட்சம் கோடி பிட்டை
நூறு கோடியால் வகுத்தேன்.
எட்டாயிரம் நொடி.
இணைப்பு காலியானபோது மணி
இரண்டு நாற்பத்தாறு, நாற்பது நொடி.
கூட்டினால் சரியாக ஐந்து.

அப்படிச் சரியாக வந்ததிலேயே
எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஐந்தடித்தது.
ஏணியைத் தூக்க ஆள் வந்தாயிற்று.
திரையில் பட்டை இன்னும் நிறையவில்லை,
மிச்சம்: பதின்மூன்று நிமிடம், பதினாறு நொடி.

கம்பி பழுதில்லை. காற்றும் காரணமில்லை.
அந்தக் கப்பல் கணிப்பொறிக்கு
ஆயிரம் என்பது ஆயிரத்து இருபத்துநான்கு.
இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய்
பத்தாம் படியில் மூச்சு வாங்கி
அதையே ஆயிரம் என்று கூப்பிடும்.
டெபிபைட் என்று அதற்குத் தனிப்பெயர் உண்டு.
திரைக்கு எழுதியவருக்குச் சோம்பல்.
எனக்கும்தான்.

கிலோவில் அந்த இருபத்துநான்கு
மல்லிக்கட்டோடு கடைக்காரி செருகித்தரும்
இரண்டு தண்டு. யார் எண்ணுவார்?
மெகாவில் நூற்றுக்கு ஐந்தை நெருங்கும்.
கிகாவில் ஏழைத் தாண்டும்.
டெராவுக்கு வரும்போது
கொசுறே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு,
கட்டைவிடக் கை வலிக்கும் கொசுறு.

கட்டுக்கயிற்றடியில் நின்றிருந்தார் நிபால்தோ பர்ரியா.
"இன்னும் எவ்வளவு?"
சொன்னேன்.
"அந்தப் பதினாறு நொடி எதற்கு?"
அதற்கு என்னிடம் பதில் இருந்தது,
பாதி சொல்வதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

அவிழ்த்திருந்த பின்கயிற்றை
மறுபடி தூணில் சுற்றினார்.
மாலுமி மேலிருந்து கத்தினான்.
"இறுகிவிட்டது," என்று கத்தினார் இவரும்.
கையுறையைக் கழற்றினார், மாட்டினார்,
முடிச்சை ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்
முதன்முதலாய்க் கயிற்றைப் பார்க்கிறவர் போல.
வானொலியில் வழிகாட்டிப் படகு கோபித்தது.
"ஈரம்," என்றார். கொஞ்சம் கழித்து, "உப்பு."

ஐந்து பதின்மூன்று, பதினாறு.
பட்டை நிறைந்தது.
கேபிளை உருவினேன்.
திரும்பிப் பார்த்தால் முடிச்சு இல்லை,
கயிறு தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.

கிரிசெல்தா கையசைத்தாள்,
எனக்கு என்று நினைத்துக்கொண்டாள் பாவம்.

பிறகுதான் பர்ரியா சொன்னார், அலகின்றி,
கால்மணிக்குக் குறைந்த மிகைநேரத்தைத்
துறைமுக அலுவலகம் எண்ணுவதில்லை என்று.
பதின்மூன்று நிமிடம் பூஜ்யம்.
பதினான்கும் பூஜ்யம்.
பதினைந்துக்குத்தான் காசு.

அவர் நேர அட்டையில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.
இன்று ஒரு தப்புக் கணக்குப் போட்டாயிற்று,
இன்னொன்று போடலாம்.
ஐந்து பதினைந்து என்று எழுதினேன்.
ஒரு நிமிடம் நாற்பத்துநான்கு நொடி கூடுதல்.

அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"உன் கணக்கில் இது எந்த ஆயிரம்?" என்றார்.

காற்று அதற்குள்
என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.