சாகும் முயலின் குரலில்

வண்டியை மேட்டுக்குப் பின்னால் விட்டு
கதவை அறையாமல் ஒட்டவைத்து வந்தேன்.
இந்தக் குளிரில் ஒரு கதவின் ஓசை
மூன்று மைல் நடக்கும்.

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
மூக்குக்குள் முடியெல்லாம் கம்பி.
பழைய படுக்கைவிரிப்பில் தைத்த வெள்ளை அங்கி,
துப்பாக்கிக் குழலுக்குக் காயக்கட்டுத் துணி.
கண்ணுக்கு மட்டும்
போர்த்த ஒன்றும் கிடைக்கவில்லை.

சஸ்காச்சுவானின் இந்த மூலையில்
மரம் என்றால் யாரோ நட்டது.
மற்றபடி வேலிக்கம்பம்,
பனிக்குமேல் தலைநீட்டும் கோதுமைத் தாள்கட்டை,
வானம், வானம், பிறகு கொஞ்சம் நிலம்.
ஒளிய இடமில்லாத ஊரில்
ஒளிவது என்பது அசையாதிருப்பதுதான்.

காற்று வடமேற்கு.
நெற்றியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்,
என் வாசனையை அது முதுகுப்பக்கம் கொண்டுபோய்
வந்த தடத்தின்மேலேயே கொட்டட்டும் என்று.

மரச்சீழ்க்கையின் நாக்கு எச்சிலில் உறைந்திருந்தது.
அக்குளில் வைத்து இளக்கினேன்.
பிறகு ஊதினேன்.
முயல் வாழ்நாளெல்லாம் ஊமை.
சாகிறபோது ஒரே ஒரு முறை பேசும்.
அந்த ஒரு முறையை
இந்தக் குளிர்காலத்தில் நான் எத்தனை தடவை
சொல்லியிருப்பேன்!

ஊது. நிறுத்து. நூறு எண்ணு.
இரண்டு மேக்பைப் பறவைகள்
சாவுக்கு முந்தியே வந்துவிட்ட உறவினர்போல
கம்பத்தில் அமர்ந்து என்னைப் பார்த்தன.
எண்பத்தேழு எண்ணுகையில்
பின்மண்டையில் ஏதோ அறைந்தது.
தொப்பி பறந்தது.
பனி ஆந்தை.
என்னை முயல் என்று முழுசாக நம்பிய முதல் ஆள்.
காதுமடலில் சூடாக வந்தது ரத்தம்,
வந்த இடத்திலேயே உறைந்தது.

திரும்பவும் ஊதினேன்.

கிழக்குச் சரிவில் ஒரு புள்ளி.
புள்ளி நின்றது.
புள்ளிக்குக் காது முளைத்தது.

கயோட்டி நேராக வராது.
கடன் கொடுத்தவன் தெருவைக் கடக்கிறவன்போல்
வளைந்து வளைந்து
காற்றுக்குக் கீழ்ப்பக்கம் போய்
காது கேட்டதை மூக்கிடம் விசாரிக்கும்.
இன்னும் இருபது தப்படி வைத்தால்
சோப்பும் டீசலும் ஆட்டுக்கொட்டிலும்
ஆந்தை கிழித்த காதும் சேர்ந்து
நான் யார் என்று சொல்லிவிடும்.

பதினெட்டாவது தப்படியில் குரைத்தேன்.
வாயால். ஒரே முறை.
அதை நிறுத்த வேறு வழியில்லை.
நின்றது.
முன்கால் ஒன்று அந்தரத்தில்,
முகம் என்மேல்.
கண் மஞ்சள் என்று நினைப்பதற்குள்
விரல் முடித்துவிட்டது.

வெடியோசை திரும்பி வர
அங்கே மோதுவதற்கு எதுவுமில்லை.
போனது போனதுதான்.

கொட்டகையில் உரித்தேன். தோலுக்குப் பன்னிரண்டு டாலர்.
போன வருஷம் அறுபது.
கணக்குக்காக வயிற்றையும் திறந்தேன்.
வயலெலிகள், ஒன்பதுவரை எண்ண முடிந்தது.
காட்டு ரோஜாக் காய்களின் விதை.
வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிறு, ஒரு சாண்.
ஒரு மஞ்சள் காதுவில்லை, எண் 212.

என் ஆடுகளுக்குப் பச்சை.
மஞ்சள் டிர்க் வீபேயுடையது.
கயோட்டி எலியைத்தான் தின்னும்,
ஆட்டை ஏறெடுத்தும் பார்க்காது என்று
வெள்ளிதோறும் கர்லிங் அரங்கில் மேசையைத் தட்டுகிறவர்.
செப்டம்பரில் என் பதினொரு குட்டிகள் போனபோது
என் வேலியைக் குறைசொன்னவர்.

வில்லையைக் கழுவிச் சட்டைப்பையில் போட்டேன்.
நான்கு நாள் அது என்னோடு
வாக்கியம் வாக்கியமாக ஒத்திகை பார்த்தது.

வெள்ளிக்கிழமை டிர்க் காபி வாங்கித் தந்தார்.
ஆகனெத்தாவின் ஸ்கேனை மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்களாம்.
கோப்பையைத் திருகிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.
"மார்கிட், காதில் என்ன?"
"ஆந்தை."
சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்,
பிறகும் கொஞ்சம் வந்தது.
வில்லை பையிலேயே இருந்தது.

இன்றிரவு மேட்டில் ஒன்று ஊளையிடுகிறது.
ஒன்றுதான்.
நடுவில் நிறுத்தி, காத்திருந்து,
மறுபடி தொடங்குகிறது.
அழுகை என்று சொல்லத் துணிய மாட்டேன்.
அந்த மொழியில் எனக்கு
ஒரே ஒரு சொல்தான் தெரியும்:
நில்.