பலகை

ஓட்டேரி. என் சலூன் வாசலில்
மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்துக்கு
இது மூன்றாவது ஐப்பசி.

"உங்க ஆட்சியில தின்னது" என்பார் ஏகாம்பரம்.
"கணக்கு காட்டாதது யாரு?" இது கஜபதி.
ஆளுக்கொரு சேனல். ரிமோட் என் டிராயரில்.
ஒன்றில் வடிகால் என்றால் ஊழல்,
இன்னொன்றில் சாதனை.
கேமரா எதுவும் இந்தத் தெருவுக்கு வந்ததில்லை.

சவரக்கத்தி தொண்டைக்கு வந்தால்
இருவரும் ஒரே கட்சி.

நேற்று கான்ட்ராக்டர் வந்தார்,
பள்ளத்தின் மேல் என் காசில் நான் போட்ட
பலகையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து.
இரண்டு கரைவேட்டியும் எழுந்து
நாற்காலியைத் துடைத்தன.

"பலகை ஆடுதேப்பா" என்றார்.
டிவியில் சிமென்ட் விளம்பரம்.
நான் நுரை குழைத்தேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக.