வாதி

நேற்றிரவு அம்மோனியா கசிந்துவிட்டது.
ஐஸ் ஆலை முதலாளி போனில்
மூன்று மொழிகளில் திட்டினார்.
விடியுமுன் மஸ்கட்டை விட்டுக் கிளம்பினேன்,
மலையை வெட்டிப் போட்ட சாலை,
பக்கத்து இருக்கையில் கருவிப்பை.

குரையாத் என்று பச்சைப் பலகை.
நாய் குரையாத ஊர் என்று படித்துச் சிரித்தேன்.
தனியாக வண்டி ஓட்டுகிறவனுக்கு
இது போதும்.

கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டாயிற்று.
வால்வு சோஹாரிலிருந்து வரவேண்டும்,
நாலு மணிக்கு, இன்ஷா அல்லாஹ்.
சீலா மீன்கள் வாய் திறந்தபடி காத்திருந்தன.
எனக்கும் வேறு வேலையில்லை.

ஆற்றங்கரை ஊர் என்றார்கள், பார்க்கப் போனேன்.
கூழாங்கல், முள்மரம்,
யாரோ விட்டுப்போன கறியடுப்பு.
ஓர் ஆடு அட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்தது.
இங்கே ஆற்றுக்குப் பெயர் வாதி.
நம்மூரில் வாதி என்றால்
வழக்குப் போட்டுவிட்டு
வருஷக்கணக்காக வாய்தா வாங்குகிறவன்.
மூன்று முறை கூப்பிட்டாலும் வராதவன்.

கோட்டை வாசலில் ஹமூத்,
இருபத்திரண்டு வயசிருக்கும்,
பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
அதன் தொண்டையில் கடற்காற்றின் உப்பு.
இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்,
திருப்புளியால் ஒரு நெம்பு.
"சாவியைக் கொடு" என்றேன், என்னையறியாமல் தமிழில்.
நீட்டிய கையைப் பார்த்துக் கொடுத்தான்.
திறந்தபிறகுதான் உறைத்தது
சாவி, அவர்கள் விட்டுப்போன சொல்.
ஜன்னலும் மேசையும் அப்படித்தான்.
அலமாரியை இழுத்தால்
உள்ளே கப்பலே இருக்கும்.

"போர்த்துக்கீசியர் கட்டியதுதானே?"
"இல்லை.
அவர்கள் போய் ரொம்பக் காலம் கழித்து நாங்கள் கட்டியது."
"அப்போ அவர்கள்?"
"கொளுத்தினார்கள்."
பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னான்:
வீடுகள், படகுகள்,
பிறகு பிடிபட்டவர்களின் மூக்கு, காது.
நடுவில் அவன் அம்மாவின் அழைப்பு வந்தது.
தயிர் வாங்கி வருகிறேன் என்றான்,
எனக்குத் தெரிந்த அரபியில் அது இருந்தது.

மொட்டைமாடியிலிருந்து கடல் தெரிந்தது.
துறைமுகத்துப் பாறைமேல் ஒற்றைக் கோபுரம்,
யாருடையது என்று ஆளுக்கொரு கதை.
கீழே சாளையைக் காயப்போட்டிருந்தார்கள்,
மணல் முழுக்க வெள்ளி.
அந்தக் கவிச்சி மட்டும்
என்னை ஊர்க்காரன்போல நடத்தியது.

இறங்கும்போது பதிவேட்டை நீட்டினான்.
ரெமிஜியுஸ் மச்சாது என்று எழுதினேன்.
விரல் வைத்துப் படித்தான்.
"மச்சாது... புர்துகாலி?"
"இல்லை. ஹிந்தி. தூத்துக்குடி."
தூத்துக்குடி அவனுக்கு வெறும் சத்தம்.
சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும்
காதைப் பொத்திக்கொண்டான்.

விளையாட்டுக்குத்தான்.
நானும் சிரித்தேன்.

எங்கள் கரையில் அவர்கள் எதையும் வெட்டவில்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதுவும் எனக்குச் சரியாகத் தெரியாது.
காவல் கேட்டுப் போனோம், முத்துச்சலாபத்துக்கு.
தலையில் தண்ணீர் ஊற்றிக்
கரை கரையாகப் பெயர் வைத்தார்கள்.
பெயர் பங்கிட்டபோது
எங்கள் வள்ளத்துக்கு விழுந்தது இது.
அவர்கள் பாஷையில் அதற்குக் கோடாரி என்று அர்த்தம்,
புதுநன்மை வகுப்பில் ஒரு சாமியார் சொன்னார்.
அன்றைக்குப் பெருமையாக இருந்தது.
பத்து வயசு.

வால்வு ஆறு மணிக்கு வந்தது.
மோட்டார் மூச்சு விட்டதும்
முதலாளி ஒரு சீலாவைப் பையில் போட்டுத் தந்தார்.
ஹமூத் ஆலை வாசலுக்கே ஓடிவந்தான்:
மலையில் மழை, சீக்கிரம் போ, வாதி வருகிறது.

தாமதம்.
கடவில் போலீஸ் விளக்கு சுழன்றது,
அதற்கப்பால், காலையில் ஆடு நின்ற இடத்தில்,
வாதி.
செம்பழுப்பாக, ஆள் உயரத்துக்கு,
வேரோடு ஒரு மரத்தை அள்ளிக்கொண்டு,
இத்தனை வருஷத்தையும்
ஒரே மூச்சில் பேசிக்கொண்டு போனது.
எல்லோரும் போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள்.
நான் இறங்கிக் கைகட்டி நின்றேன்.
பெயர் கூப்பிட்டால்
பதில் சொல்லவேண்டியவன் நிற்பதுபோல.

பின்வண்டி பலூச்சிக்காரர் தேநீர் கொண்டுவந்தார்.
பெயர் கேட்டார்.
"ரெமி" என்றேன்.
"முழுப்பெயர்?"
தண்ணீர் வடியட்டும் என்றேன்.
பையில் மீன் உருகத் தொடங்கியிருந்தது.