மஞ்சள் கடைசியில்

சாயப்பட்டறையில் எனக்குச் சொன்ன முதல் விதி:
வெளிர் முன்னால், அடர் பின்னால்.
கொண்டலாம்பட்டியில் நாலு வருஷம்
கிராம் கணக்கில் தூளை நிறுத்து
நூலை அப்படித்தான் முக்கினேன்.
மஞ்சள் தப்பினால் பச்சையாக்கலாம்,
பச்சை தப்பினால் கருநீலம்,
கருநீலமும் தப்பினால் கறுப்பு.
கறுப்பு தப்பியதாக
யாரும் புகார் சொன்னதில்லை.

சாரதா கல்லூரி சாலையில்
செல்போன் கவர் விற்கும் கடைக்கு மேல்மாடியில்
விதி தலைகீழ்.
அடர் முதலில். மஞ்சள் கடைசியில்.
மாற்றிச் செய்தால், துடைக்கிற டிஷ்யூ
பச்சையை இழுத்துக்கொண்டு போய்
மஞ்சளுக்குத் திறந்திருக்கும் துளைகளில்
சேறாய் அப்பிவிடும்.

பதினோரு ரப்பர் தோல்களில்
சேறு செய்து கண்டுபிடித்தது இது.

பன்னிரண்டாவதைப் பிரிக்கவில்லை.
என் இடது தொடையில்
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டை போட்டேன்,
நீலத்தில் தொடங்கி ஒன்றுமில்லாததில் முடிவது.
ஊசி தோலில் ஓடி, ஓடி,
ஓட்டத்திலேயே மேலெழ வேண்டும்,
காமலாபுரத்தில் விமானம் கிளம்புகிற மாதிரி.
என்னுடையது மூன்று முறை
ஓடுபாதையிலேயே நின்றது.
நின்ற இடங்கள் இன்னும் இருக்கின்றன.
பேருந்தில் கால்மேல் கால் போடும்போது
அவற்றை எனக்கு மட்டும் தெரியும்.

தொட்டியில் இரண்டு சாயம் ஊற்றினால்
மூன்றாவது ஒன்று பிறக்கும், இரண்டும் செத்துப்போகும்.
தோலில் அப்படியில்லை.
பச்சைப் புள்ளிகள் போகப்போக விலகி நிற்கும்,
விட்ட இடத்தில் மஞ்சள் வந்து உட்காரும்,
சாயங்காலம் ஐந்து ரோட்டில்
வண்டிகள் சந்து கண்ட இடத்தில் நுழைவதுபோல.
ஒன்றும் ஒன்றோடு சேர்வதில்லை.
தள்ளி நின்று பார்க்கிறவர்தான்
கலக்கிக்கொள்கிறார்.

காசு கொடுத்து வந்த முதல் ஆள் மாதையன்.
லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர்.
மாம்பழம் வேண்டும் என்றான், பாதி பழுத்தது,
காம்போரம் பச்சை, வயிற்றில் மஞ்சள்,
கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு.
எதற்கு என்று கேட்டேன்.
பிடிக்கும் என்றான்.

வலது முன்கை. நல்ல கறுப்பு.
நெருப்புப்பொறி பட்ட தழும்புகள் எட்டு,
எண்ணிவிட்டுத்தான் தொடங்கினேன்.
தழும்பு மையைக் குடிக்காது,
குடித்தாலும் துப்பும்.
அங்கெல்லாம் கையை மெதுவாக்கி
மற்ற இடத்தில் பச்சையைக் கரைத்து
கழுவி, கழுவி, ஊசி மாற்றி
கடைசியில் மஞ்சள்.
முடித்துத் துடைத்தபோது
எனக்கே வாயூறியது.
நாலு கோணத்தில் படம் எடுத்தேன்.

ஆறாவது வாரம் வந்தான்.
பொருக்கெல்லாம் உதிர்ந்து
மேலே புதுத்தோல் மூடியிருந்தது.
மஞ்சளைக் காணோம்.
கடுங்காபி டம்ளருக்கு அந்தப்பக்கம்
எலுமிச்சை வைத்துப் பார்ப்பதுபோல்
எங்கோ உள்ளே ஒரு சாயல்.
நான் சீசாவுக்குள் இருந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.
அவன் கையும் ஒரு நிறம் என்பதை
கணக்கில் சேர்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவன் சிரித்தான்.
அம்மாபேட்டைத் தள்ளுவண்டிக்காரர்
சில்லறை கொடுக்கும்போது கையைப் பார்த்துவிட்டு
'இதுக்குக் கல்லு வெக்கலயாப்பா,
இன்னும் காயாவே இருக்கு' என்றாராம்.

'பழுக்க வெச்சுக் குடுங்க' என்று
மேசைமேல் நீட்டினான்.

ஆரஞ்சு ஒரு சொட்டு,
வெள்ளை அரைச் சொட்டு,
மஞ்சள் ஏழு.
பட்டறையில் எழுதிவைத்த மாதிரி
சுவரில் பென்சிலால் குறித்தேன்:
மாதையன், வலது கை.
கலவையை என் கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்து
அழித்துவிட்டு
அவன் கையில் வைத்துப் பார்த்தேன்.