முப்பத்தோராவது நகர்த்தல்

ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம்.
தோற்றது சர்னாய்; குறிப்புத்தாளில் கையெழுத்தும் ஆயிற்று.
இருந்தும் குதிரையைப் பின்னால் இழுத்து வைக்கிறாள்:
"இங்கே, எஃப் ஐந்தில் இறக்கியிருந்தால்?"

மெதேயா பதில் சொல்லவில்லை.
பதினொரு நிமிடம் அந்தக் கட்டத்தைப்
பார்க்காதவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தவள்.
"ராணி போயிருக்கும்" என்கிறாள் கடைசியில்.
ஜெயித்தவளின் காது சிவக்கிறது.

கணினியைக் கேட்கலாம்.
கைப்பேசிகள் இன்னும் காவலரின் பெட்டியில்.

நடுவர் காய்களை அள்ளுகிறார்,
சர்னாயின் உள்ளங்கைக்குள் இருந்த சிப்பாயையும்
கேட்டு வாங்கிக்கொண்டு.

பதூமியில் மழை.
பலகை இல்லாமலே படியிறங்குகிறார்கள்
இருவருக்கும் அரைகுறையான ரஷ்ய மொழியில்,
எண்ணும் எழுத்துமாக.

பேருந்து வந்தது, கதவு திறந்தது, மூடியது.
மெதேயா ஏறவில்லை.
"பொறு. ராஜா மூலைக்கு ஒதுங்கினால்?"