காக்கிக் கவர்

உசிலம்பட்டி தாலுகா ஆபீசுக்கு எதிரே
பதினோரு வருசமாய் ஜெராக்ஸ் எடுக்கிறேன்.
அடுத்தவர் நிலம் என் கண்ணாடிமேல்
குப்புறப் படுத்து எழுந்து போகும்.
எந்தத் தாள் இல்லாவிட்டால்
எந்த மேசை திருப்பி அனுப்பும் என்று
அந்தப் பச்சை வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும் எனக்கு.

தெரிந்ததை விற்கலாமே என்றவர்
சிம்மக்கல் அச்சகத்துத் துளசிராம்.
எழுதிக் கொடுத்தேன்.
அறுபத்துநான்கு பக்கம், கெட்டி அட்டை,
'பட்டா மாறுதல்: முழு விளக்கம்.'
முகப்பில் ஒரு வயல்,
எங்கள் பக்கம் எந்த மழைக்கும் வராத பச்சை.
விலை நூற்றிருபது. அடித்தது ஐந்நூறு.
போனது நாற்பத்தொன்று,
அதில் ஒன்பது சர்வேயர்களுக்குச் சும்மா.

செல்லம்பட்டி வீருத்தேவர்
புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து கேட்டார்:
"இதுல நான் எத்தனாம் பக்கத்துல இருக்கேன்?"

அன்று ராத்திரி முழுக்க அவரைத் தேடினேன்.
முப்பத்தேழில் பாதி ஆள்.
ஐம்பத்திரண்டில் ஓர் அடிக்குறிப்பு.

அப்புறம் வீடியோ.
அக்கா மகன் கதிரொளி
செல்போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து எடுத்தான்.
பதினெட்டு நிமிடம்; நன்றாகத்தான் பேசினேன்.
ஐம்பது ரூபாய் ஒருவர் கட்டினார், தெருவே பார்த்தது.
வரிசையில் நின்றவர்
என் குரலை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் தள்ளி,
"வில்லங்கம் எத்தனை வருசத்துக்குன்னு சொன்னா?" என்று
தேடி முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று.

பக்கத்தைக் கூட்டுங்க,
தடிமனுக்குத்தான் காசு என்றார் துளசிராம்.
ஆப் போடலாம் சித்தி என்றான் இவன்.

ஒரு திங்கட்கிழமை
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
படியேறுகிறவர்களின் கைகளைப் பார்த்தேன்.
மஞ்சப்பை. ஜவுளிக்கடைப் பை.
யாரோ வைத்த கல்யாணப் பத்திரிகையின் உறை.
ஒருவர் பத்திரத்தைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்திருந்தார்,
வியர்வையில் எல்லைகள் ஊறிக்கொண்டிருந்தன.
பக்கம் புரட்ட ஒரு கைகூடச் சும்மா இல்லை.

காக்கிக் கவர்.
முழுத்தாள் மடங்காமல் போகிற அளவு.
முதுகில் ஒன்பது வரி, வரிக்கொரு கட்டம்.
பத்திரம், மூலப் பத்திரம், வில்லங்கம்,
அப்பா இறந்திருந்தால் என்னென்ன,
கூடப் பிறந்தவர்கள் இருந்தால் என்னென்ன,
அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லையென்றால்
கையெழுத்துக்கு முன் ஒரு டீ.
(இதை வெட்டச் சொன்னார் துளசிராம். வெட்டவில்லை.)
'இனிஷியல் எல்லாத் தாளிலும் ஒன்றுதானா?'
இது மட்டும் கொட்டை எழுத்தில்.

அறுபத்துநான்கு பக்கம் ஒன்பது வரியாக
நாலு மாதம் பிடித்தது.
வெட்டி எறிந்ததெல்லாம்
ஏச்சு வாங்கிக் கற்றது.
விலை பதினைந்து.

யாரும் விவரம் வாங்குவதாய் நினைக்கவில்லை.
கவர்தான் வாங்குகிறார்கள்.
தாளை உள்ளே தள்ளும்போது எழுத்து கண்ணில் தட்டுகிறது.
பாதிப் படியில் நின்று திரும்பி வருகிறார்கள்:
"யக்கா, வில்லங்கம் போடலையே."
மேசை சொல்ல வேண்டியதை
கவர் சொல்லிவிடுகிறது, அதட்டாமல்.

புத்தகங்களில் நாலு, ஆடுகிற மிஷினுக்கு முட்டு.
மற்றவை பரணில்.

எதிர்க்கடை மொக்கமணி
என் கவரை என்னிடமே கொண்டுவந்து
முன்னும் பின்னும் ஒரு காப்பி என்றான்.
எடுத்துக் கொடுத்தேன், நாலு ரூபாய்.
தட்டையாக வந்தது.
ஒரு தாளை அதற்குள் வைக்க முடியாது.

போன வாரம் ஒச்சம்மாள் வந்தாள்.
பட்டா வந்துவிட்டதாம், பேர்கூடப் பிசகாமல்.
கவரை நீட்டினாள், மூலை மடங்கவில்லை.
"எங்க நாத்தனாளுக்கும் இதே காரியந்தான்.
ஒரு ரப்பர் இருந்தாக் குடு தாயி."

ஒன்பது கட்டத்திலும்
பென்சிலால்தான் குறித்திருந்தாள்.

அடுத்த அச்சுக்கு
அழித்தால் கிழியாத தாள் வேண்டும்.
துளசிராமிடம் சொல்ல வேண்டும்.